ஒன்றுக்கு ஐந்நூறு

வால்டிவியாவில் நவம்பரிலும் மழை.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்தடியில்
என் வரைபடத்தை விரித்து
நான்கு மூலையிலும் காப்பிக் கோப்பை வைத்தேன்.
கப்பல் பட்டறை போய்விட்டது.
ஆற்றோரம் முழுக்க இனி ஊருக்கு.
எங்கே நடப்பது, எங்கே நிற்பது
என்று கோடு போடுவது என் வேலை.

கோரைக்குள் ஒரு குருவி.
ஏழுநிறம் என்று ஊரார் கூப்பிடுவது.
ஒற்றைத் தண்டில் கூடு கட்டும்,
ஈரச் சருகைக் குழைத்து ஒட்டி,
கீழே கூராக, ஐஸ்கிரீம் கூம்பு போல.
அறுபது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றாள்
மில்லராய் கத்ரிலேயோ,
ஒன்பது வருடமாக அவற்றை எண்ணுகிறவள்.
"உங்கள் பிரியம் அதற்குப் புரியாது.
காலடி மட்டும்தான் கேட்கும்."

அறுபது மீட்டர்
என் தாளில் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
ஒரு சாண்கூட இல்லை.
அதற்குள் எவாரிஸ்தோ ஓயார்சூனின் ஆறு போய்விடுகிறது.

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.
முப்பது வருடம் பட்டறையில் வெல்டிங்.
"நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஆற்றில் இறங்கியது.
நான் இறங்கினதில்லை.
பார்க்க மேடை வேண்டாம் எனக்கு.
சக்கரம் நனைய வேண்டும்."

விளக்கு கூடாது, பறவை தூங்காது
என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.
பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ், ஹசிந்தா:
"நைட் ஷிப்ட் முடிந்து நான் தூங்கப் போகிற வழி அது.
பின்னால் யார் வருகிறார்கள் என்று
உங்கள் பறவையா பார்த்துச் சொல்லும்?"
யாரும் சிரிக்கவில்லை.

அழித்தேன்.
ரப்பர் தூள் ஆற்றின்மேல் கிடந்தது.
விளக்குகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன்.
பாதையைக் கோரையிலிருந்து பிய்த்து
கப்பல் இறக்கிய பழைய சிமெண்ட் சரிவில் கொண்டுபோய் விட்டேன்.
அங்கே எதுவும் முளைப்பதில்லை.
அங்கே சக்கரம் நனையலாம்.
கோரையை ஒட்டிய மரப்பாலத்துக்கு மட்டும்
செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை பூட்டு.

யார் பூட்டுவது?

மில்லராய் எவாரிஸ்தோவைப் பார்த்தாள்,
அவர் கூரையை,
நகராட்சிக்காரர் கைக்கடிகாரத்தை.
பதினொரு மணிவரை இதே பேச்சு.

பெஞ்சுக்கு ஒரு கோடு, மரத்துக்கு வட்டம்,
குப்பைத்தொட்டிக்குச் சின்னச் சதுரம்.
பூட்டப் போகிறவருக்கு
என்னிடம் குறி இல்லை.
தாளைச் சுருட்டினேன்.

வெளியே மீன் சந்தைப் படியில்
கடல்சிங்கம் ஒன்று
யாருடைய அனுமதியும் கேட்காமல்
நடைபாதைக்குக் குறுக்கே படுத்திருந்தது.
சுற்றிக்கொண்டு போனோம்,
எல்லோரும்.