நாற்பத்து மூன்றில் பதினேழு

ஐந்தாம் வகுப்பு என்கிறது பதிவேடு.
லிகாண்டோ புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து
கடகடவென்று ஒப்பிக்கிறான்,
பக்கம் முழுவதும், ஒரு பிசகில்லை.
நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு
'இது என்ன?' என்றேன்.
முதல் வரியிலிருந்து மறுபடி ஓடி வந்து
என் விரலைத் தாண்டிப் போய்விட்டான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவராக அழைத்தேன்.
ஒரே தாள். எழுத்து, சொல், பத்தி, கதை.
மூன்று நாளில் அறுபத்தெட்டுப் பிள்ளைகள்.
திங்கள் முதல், காலை ஒரு மணி நேரம்
வகுப்பு எண் கிடையாது.
எங்கே தடுக்குகிறதோ அங்கே உட்காருங்கள்.

அவன் தங்கை இனோங்கே, மூன்றாம் வகுப்பு,
பத்தி படிப்பவர்களோடு ஜன்னல் பக்கம் போனாள்.
அவன் எழுத்துக்காரர்களோடு தரையில்.
முழங்காலை மடக்க இடம் போதவில்லை.
செவ்வாய் வரவில்லை.
புதனும்.

வியாழன் நானே படகுத்துறைக்குப் போனேன்.
ஜாம்பேசி வெள்ளம் வடிந்து சேறு மணத்தது.
அம்மாவின் பாய்க்கருகே நின்றிருந்தான்.
பத்துப் பத்தாய் நாணலில் கோத்த கருவாடு
நான்கு கோவை, உதிரியாக மூன்று.
ஒருத்தி பதினேழு கேட்டாள்.
ஒரு கோவையைத் தூக்கிக் கொடுத்தான்.
உதிரியைப் பார்த்தான்.
இன்னொரு கோவையின் முடிச்சைப் பல்லால் இழுத்து
ஏழு எண்ணிச் சேர்த்தான்.
'மிச்சம்?' என்றாள் அம்மா.
'இருபத்தாறு.'
என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதே கணக்கைத்தான்
போன வாரம் பலகையில் போட்டேன்.
மூன்றில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு
என்று பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன்.
யாரும் திருப்பிக் கொடுக்காத கடன்.
முடிச்சை அவிழ் என்று
ஒரு நாளும் சொன்னதில்லை.

'நாணல் வேண்டும், ஒரு கட்டு' என்றேன்.
மறுநாள் கொண்டுவந்தான்.
திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.
கதை படிக்கிற பெரிய பையன்கள் இருவர்
கழித்தலுக்கு அவனிடம் வந்து குந்தினார்கள்.

இன்று அவன் முன்னால் இரண்டு அட்டை வைத்தேன்,
எங்கள் லோசி மொழியில்: தா. பி.
முதலாவதைச் சொன்னான்.
இரண்டாவதில் நின்றுவிட்டான்.
என் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன்.
ஜன்னலோரம் இனோங்கேயின் உதடு அசைந்தது,
கண்ணால் அதட்டினேன்.
வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள்.
பன்னிரண்டு அடி எண்ணியிருப்பேன்.

'தாபி' என்றான்.
பிறகு அட்டைகளை நெருக்கி வைத்து
முகம் சுளித்தான்.
'மீனா?
இவ்வளவு சின்னதாகவா எழுதுவார்கள்?'