ஒருவருக்கு ஒருமுறை

குமுளியில் இறங்கியதும் ஃபோன் சொன்னது:
கேரளத்துக்கு நல்வரவு.
பதினைந்து தப்படி பின்னால் வைத்தால்
மறுபடி தமிழ்நாடு.
லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால்
நம்மூர் பஸ் நிற்பது தெரிகிறது.
கண்டக்டர் 'கம்பம் கம்பம்' என்பது
தலையணை வரை கேட்கிறது.
அங்கே உட்கார்ந்துதான் தட்டினேன்:
'நான் வெளிமாநிலத்தில் இருக்கிறேன்.'

பொய்யில்லை.
அடுத்த வரிதான் பொய்.
'இணைய வசதி மிகக் குறைவு.'
நாலு கோடும் நிமிர்ந்து நிற்கிறது சிக்னல்.

'திங்கள் காலை திரும்புவேன்.
அவசரமென்றால்' —
இங்கே விரல் நின்றது.
ரஞ்சிதம் பேறுகால விடுப்பில்.
சதக்கத்துல்லாவைப் போடி கிளைக்கு மாற்றியாகிவிட்டது.
மேலாளர் எண்ணைப் போட்டால்
மேலாளர் என்னைக் கூப்பிடுவார்.
அவசரத்தையே அழித்தேன்.

யார் யாருக்கு? எல்லோருக்கும்.
எத்தனை முறை? ஒருவருக்கு ஒருமுறை.
சேமி.

மதியம் தேக்கடிப் படகு.
தனியாக வந்தவளுக்கு ஓரத்து இருக்கை,
யாரோ வியர்த்துக் கழற்றிய ஆரஞ்சுக் கவசம்.
யானை வரவில்லை.
தூரத்தில் இரண்டு காட்டெருமை,
அதுவும் பக்கத்துக்காரர் சொன்னதால் காட்டெருமை.
அந்த ஒன்றரை மணி நேரத்தில்
பதினோரு பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.
கடன் வேண்டுமா என்ற வங்கிக்குக்கூட
வருத்தம் தெரிவித்திருக்கிறேன்.
ஓசூர் பம்பு கம்பெனி வெங்கோபராவ்
தானும் விடுப்பில் என்று உடனே எழுதியிருக்கிறார்.
இரண்டு பூட்டிய கதவுகள்
ஒன்றுக்கொன்று வணக்கம் வைத்துக்கொண்டன.

திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
ராத்திரி மழை பிடித்ததும் திறந்தேன்.

மொக்கராசு, சுருளிப்பட்டி,
ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை.
'மூணாவது லைன்ல சொட்டு விழலைங்க.'
அதற்கு என் பதில் போயிருக்கிறது.
என் பதிலுக்கு அவர் பதில் போட்டிருக்கிறார்.
வேறு யாரும் போடவில்லை.

'சரிங்கம்மா, நல்லபடியா போயிட்டு வாங்க.
மலையில குளிரும்.
போர்வ எடுத்துக்கிட்டீகளா?'

இதற்கு ஒன்றும் போகவில்லை.
ஒருவருக்கு ஒருமுறை.
நான் வைத்த விதி.

வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொன்னால் போதும்,
பத்து நிமிஷ வேலை.
மதியம் நான் மிதந்த தண்ணீர்
மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி
அவர் ஊர்ப் பக்கம்தான் போகிறது.
வாசல் வரை வந்து
கடைசி ஓட்டையில் மண் அடைத்திருக்கும்.

ஆனால் மனிதர் கேட்டது போர்வையை.
லாட்ஜ் போர்வையில் பாச்சை உருண்டை வாசம்.
'எடுத்து வந்தேன்ங்க' என்று தட்டினேன்,
அழித்தேன்,
திரும்பத் தட்டினேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

வெளியே கடைசி பஸ்
கம்பத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது.
ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது.

'அப்ப, இருக்கீகளா?'