சீட்டில் இல்லாத பெயர்

பகல் பன்னிரண்டுக்கு ஹெட்லைட் போட்டு ஓட்டுகிறேன்.
பின்னால் நின்றபடி பேரூராட்சித் தலைவர்
பனிக்கெல்லாம் கும்பிடு போடுகிறார்.

நிற்பது அவரல்ல.
நாலாம் வார்டில் லிங்கியம்மாள்,
பதினொன்றில் தேயிலை ஆபீஸ் சிவணன்.
சொந்தத் தேர்தலுக்கே லைன் வீடுகள் பக்கம் இறங்காதவர்
இன்று வழுக்குப் படியில் செருப்பைக் கையில் பிடித்துப் போய்
குழாய்த் தண்ணீர் என்ன நிறம் என்று கேட்கிறார்.

"சீட்டில் உங்க பேரே இல்லையே,
எதுக்குங்க இவ்வளவு தொண்டை?"
கோத்தகிரி இறக்கத்தில் கேட்டுவிட்டேன்.

இருமல் மிட்டாயைக் கடித்தார்.
"மன்றத்துல பதினஞ்சு கை, ஜோகி.
எனக்கு ஏழு, அவங்களுக்கு ஆறு.
இந்த ரெண்டும் போச்சுன்னா
நான் வைக்கிற தீர்மானம் ஒண்ணும்
மேசையை விட்டு எழுந்திரிக்காது.
அப்புறம் நாற்காலியக் கேப்பாங்க."

மைக்கைத் தட்டினார்.
எதிர்மலை அவர் குரலை அவருக்கே
ஒரு சொல் பிந்தித் திருப்பியது.
தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை ஒன்று
நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயப் போனது.

கொழுந்துக் கூடையை இறக்காமலே ஒருத்தி சொன்னாள்:
"வருசா வருசம் யாராச்சும் ராஜினாமா பண்ணுங்களேன்.
எங்க படிக்கு ரெண்டு கூடை மண்ணாவது விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும்தான்.
கும்பிட்ட கை மட்டும்
இறங்கவில்லை.