நான்கு டிகிரி

டார்ட்டு நகரில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடந்தது.
நேற்றுவரை எங்களோடு காப்பி குடித்த உர்மாஸ்
இன்று இரவல் டை கட்டி
ஆய்வதிகாரியாய் எதிரே அமர்ந்தார்.
பொய்த் தணிக்கைதான். இருந்தும்
மாரிக்காவுக்கு உள்ளங்கை வேர்த்தது.

கேட்டதற்கு மட்டும் பதில்,
தெரியாவிட்டால் தெரியாது:
மனப்பாடம் செய்து வந்திருந்தோம்.

மருந்துக் குளிர்பெட்டியின் பதிவேட்டைப் புரட்டினார்.
ஜனவரி முழுக்க நான்கு டிகிரி.
ஒரே பேனா. ஒரே சாய்வு.
"பனிப்புயலில் மின்சாரம் போனதே,
அந்த ஞாயிறுமா?"

யாரோ சிரிக்கப்போய் அடங்கினார்கள்.

"அன்று நான் வரவேயில்லை" என்றாள் மாரிக்கா.
திங்களன்று அந்தப் பெட்டியைத் திறந்து
பதினேழாம் எண்காரருக்கு ஊசி போட்டவளும் அவள்தான்.

ஒத்திகைதானே, தாளைக் கிழித்துவிடலாம் என்றேன் நான்.

உர்மாஸ் டையை அவிழ்த்தார்.
பேனாவை அவளிடம் நீட்டினார்.
ஒற்றைக் கோடு போதும்,
அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும்.
இன்றைய தேதி போடு.
பிறகு
பதினேழுக்குப் போன் போடு.