மார்ச் இருபத்தைந்து

ஹெக்ஸம் ஊரில், வக்கீல் அலுவலகத்தில்
அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்:
"மார்ச் இருபத்தைந்தாம் தேதி
உங்கள் குத்தகை டிடர்மின் செய்யப்படும்."

வியாழக்கிழமை வந்தாள் ஹில்டா மில்பர்ன்.
பூட்ஸில் ஈரச் சேறு, கையில் அதே தாள்.
"அன்றைக்குத்தானே முடிவெடுப்பார்கள்?
நானும் வரலாமா? பேச விடுவார்களா?"

பள்ளிக்கூடத்தில் அவளை
அந்தச் சொல்லால்தான் பாராட்டினார்களாம்,
விடாப்பிடிக்காரி என்று.
எட்டு வயதில் ஒரு நீல ரிப்பன்கூடக் கிடைத்ததாம்.

அவள் முகத்தைப் பார்க்காதிருக்க
அகராதியைப் புரட்டினேன்.
உறுதிகொள். கண்டறி. தீர்மானி.
கீழே, பொடி எழுத்தில், சட்ட வழக்கு:
தீர்த்துவிடு.
அதற்கும் கீழே லத்தீன் வேர், எல்லைக்கல்.

"கல்லா?" என்றாள்.
"மேல்வயல் மூலையில் ஒன்று கிடக்கிறது.
ஆடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து
ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது."

அப்படிப்பட்ட கல்லுக்கு ரோமர்கள்
ஆண்டுதோறும் ஆட்டுக்குட்டி பலியிட்டதாக
எங்கோ படித்திருக்கிறேன்.
சொல்லவில்லை.

அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"ஏப்ரல் பத்துக்கு மேல்தான் ஈனத் தொடங்கும்.
அறுபத்திரண்டு சினை ஆடுகள்.
இரட்டை எத்தனையோ, தெரியாது.
கொஞ்சம் முந்தி ஈனுங்கள் என்று
அவற்றிடம் நீங்கள் வந்து சொல்வீர்களா?"

கடிதத்தை நான்காய் மடித்தாள்.
கதவைத் திறந்தவள் திரும்பினாள்:
"முடியும் என்றே எழுதியிருக்கலாமே, எளிதாக."

எழுதியிருக்கலாம்.
அதையும் அவள்
வேறாகத்தான் படித்திருப்பாள்.