ஒரு மாலைக்கு மட்டும்

வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தால்
அது என் பழம்.
ரோசமேல் அப்படி நினைப்பதில்லை.
இரண்டு முழ நிலத்துக்காக
கஸ்த்ரோ நீதிமன்றத்தில் நான்காவது வருஷமாக
எங்கள் காகிதங்கள்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன.
நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லை.

ஏப்ரல். சிலோவே தீவில் மழை
விட்டுவிட்டும் பெய்யாது, விடாமலும் பெய்யாது.
சும்மா இருக்கும்,
கூரைமேல், ஆட்டின்மேல், என்மேல்.

சால்மன் ஆலையில் எட்டு மணிநேரம்
முள்ளெடுத்த கை.
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடை.
படகுத்துறையிலிருந்து மேடேறுகையில்
சேற்றில் கிடந்தது மெம்பிரியோ,
மஞ்சளாக, மேலே சாம்பல் ரோமத்தோடு.
ஆப்பிள் என்று நம்பிக் கடித்தவனுக்குக்
கடுக்காய் தின்ற முகம் வரும்.
பச்சையில் அப்படியொரு துவர்ப்பு.
எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
திருடினாய் என்று நீங்கள் சொல்லலாம்.
ரோசமேலும் அதைத்தான் சொல்வான்.

தங்கை எர்மிந்தாவின் கணக்கு வேறு:
நாற்பது பழம், அரை மூட்டை சர்க்கரை,
அண்டா, அதைக் கிளற ஒரு படகுத்துடுப்பு,
அப்புறம் குளிர்காலம் முழுக்க
அலமாரியில் வரிசை கட்டும் ஜாடிகள்.
"ஜூலையில் என்ன செய்வாய்?" என்கிறாள்.
ஜூலை ஜூலையில் வரட்டும்.
என்னிடம் இன்றைய ஆறு மணி இருக்கிறது.
அதற்கு ஒரு பழம் போதும்.

நாளைக்கு முந்நூறு மீன் பிளக்கும் கத்தி
பாதியில் சிக்கி நின்றுவிட்டது.
முதுகில் ஒரு விறகால் தட்ட வேண்டியிருந்தது.
எட்டுத் துண்டு.
தோலையும் நடுத்தண்டையும் எறியவில்லை,
பழைய துணியில் முடிந்து கூடவே போட்டேன்.
பசை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.
காட்டுப்புதரில் பறித்த மூர்த்தா, ஒரு கை.
சர்க்கரை மூன்று கரண்டி, நான்காவதில் பாதி.
கிராம்பு இரண்டு.
பழத்தின் கழுத்துவரை தண்ணீர்.
பால் காய்ச்சும் சின்னப் பாத்திரம்தான்,
இரும்படுப்பின் ஓரத்தில்,
தீ நேராகப் பார்க்காத இடத்தில்.

முதல் அரைமணி உருளைக்கிழங்கு நிறம்.
ரேடியோவில் படகுக்காரர்களுக்குக் காற்று அறிவிப்பு.
ஈரக் காலுறையை அடுப்புக்கம்பியில் போட்டேன்.
பிறகு, நான் திரும்பியிருந்த நேரத்தில்,
துண்டுகளின் ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு,
திட்டு வாங்கியவன் காதுமடல்.
அதற்கப்புறம் அது நிற்கவில்லை.
ஒரு மணியில் செங்கல்,
இரண்டு மணியில் பழைய செம்புக்காசு.
வாசனை அறைக்குள் நிரம்பியபோது
என் விரலை முகர்ந்து பார்த்தேன்.
மீன் தோற்றிருந்தது.

ஒரு பழம்தான், கிண்ணம் இரண்டு நிரம்பியது.
தப்பு என் கணக்கிலா, பழத்திலா,
இன்றுவரை தெரியாது.
ஒன்றைச் சூடு ஆறுமுன்
பாலாடை ஊற்றி நின்றுகொண்டே தின்றேன்.
துவர்ப்பு ஊரைவிட்டுப் போய்விடவில்லை,
இனிப்புக்குப் பின்னால்
கதவோரமாக நின்றுகொண்டிருந்தது.

மற்றதைத் தட்டால் மூடி
வேலிக்கம்பத்தின் தலையில் வைத்தேன்.
சமாதானம் அல்ல. பழத்துக்கு விலை.
வக்கீல் கேட்டாலும் அதையே சொல்வேன்.
இருட்டுக்கு அப்பால்
அவன் சமையலறை விளக்கு நகர்ந்தது.

காலையில் அதே கம்பத்தில் கிண்ணம்,
கழுவிக் கவிழ்த்து.
தூக்கினால் அடியில் இரண்டு கிராம்பு,
சப்பிச் சுத்தமாக்கி, அருகருகே.
என் பங்கில் ஒன்றுகூட அகப்படாத காரணம்
அப்போது புரிந்தது.
நன்றி இல்லை, வசவும் இல்லை.

அடுத்த மாதம் விசாரணை.
வேலி அங்கேயேதான் நிற்கிறது,
கிளை என் பக்கம்தான் சாய்கிறது.
இன்று ராத்திரி வடக்குக்காற்று
பலமாக அடிக்கும் என்கிறது ரேடியோ.
கிராம்பு நாலு போடலாமென்று இருக்கிறேன்.