பத்தொன்பது

பகல் பன்னிரண்டே கால்.
நண்டுக் கம்பெனியில் டீ மணி அடித்ததும்
கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு
ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நிற்பேன்.
மண்டபத்தில் எனக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்.

கோபிதனுக்கு அப்போது இரவு இரண்டே முக்கால்.
ரொட்டித் தொழிற்சாலையில் அவனுக்கும் இடைவேளை.
"கேள் அக்கா" என்பான்
வாயில் எதையோ மென்றுகொண்டு.

புத்தகம் அவனுடையது.
பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.
எல்லாவற்றிலும் ஓரத்தில் அவன் கட்டைவிரல்.
முப்பத்தேழாம் பக்கத்தில் குழம்புக் கறை.

முதலில் சேர்ந்த மாகாணங்கள் எத்தனை?
நாலு.
பேர் சொல்லு.
மூன்று சொல்வான். நாலாவதுக்கு இருமுவான்.
ஐந்து சென்ட் காசில் என்ன மிருகம்?
"பல்லன்."
மரத்தை அறுத்து ஆற்றில் அணை கட்டுமாம் அது,
பெயர் வாயில் நிற்காததால்
நாங்களே வைத்தது.
பரீட்சையில் அப்படி எழுதித் தொலைக்காதே என்பேன்.
பெண்களுக்கு ஓட்டு எந்த வருஷம்?
"உனக்குத் தெரியுமா?" திருப்பிக் கேட்பான்.

தெரியும்.
எனக்கு எல்லாமே தெரியும்.
தண்டவாளத்தின் கடைசி ஆணி இறங்கிய மலை,
நவம்பரில் சட்டையில் குத்தும் சிவப்புப் பூ,
மன்னருக்குச் சொல்லும் உறுதிமொழி.
நண்டின் கால் முறித்துச் சதை உருவும்போது
ஒவ்வொன்றாய் உதட்டுக்கு வரும்.
"என்னடி, மந்திரமா?" என்றாள்
எதிர் மேசை முத்துராக்கு.

எனக்குப் பரீட்சையே இல்லை என்று சொல்ல முடியாது.
மாதம் இரண்டு முறை, கேம்ப் ஆபீஸ் வேப்பமரத்தடியில்.
பெயர்? குடும்ப எண்? எத்தனை தலை?
தலை ஒன்று குறைந்தால், எங்கே?
பேச்சு வந்த நாளிலிருந்து ஒரு விடையும் பிசகவில்லை.
(கோபிதன் குறைந்த பதினைந்து நாளைத் தவிர.
அவன் போன விதத்தை நாங்கள் போனில் பேசுவதில்லை.)
தேறியவர்களுக்குப் பத்துக்குப் பத்து அறையில்
அடுத்த எண்ணிக்கை வரை இருக்கலாம்.

பிறந்தது ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
சமூக அறிவியலில் தொண்ணூற்றாறு.
தேசிய கீதத்தை ஐம்பத்திரண்டு விநாடிக்குள் முடிப்பேன்,
மூச்சு வாங்காமல்.
கேட்டால்தானே.

ஒருநாள் கோபிதன் சொன்னான்:
"அலுத்துப் போச்சு அக்கா.
நம்மட நாட்டைப் பற்றி ஒண்டு கேளன்."

வாயைத் திறந்தேன்.
நம்மட.
ஐஸ் உருகிச் செருப்புக்குள் வந்துகொண்டிருந்தது.
அம்மா இருபது நிமிஷம் கையால் காட்டிக் காட்டிச் சொல்லும் ஊரை
நானும் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை.
இந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கலாமென்றால்
நம்மட என்று சொல்ல நாக்கு
யாரிடமோ அனுமதி கேட்டது.
மணி அடிக்க ஒரு நிமிஷம்தான்.

"கச்சான் அடித்தால் எந்தக் கடல் கலங்கும்?"

"ஆண் கடல்" என்றான்.
இருமவில்லை.
"வாடைக்குப் பெண் கடல்" என்றான், கேட்காமலே.
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
அவன் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை பாஸாகிவிட்டான்.
இருபதுக்குப் பத்தொன்பது.
கையில் காகிதக் கொடியோடு ஒரு படம் வரும், பொறு என்றான்.
அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சீனி கொடுத்தாள்.

"எது பிழைச்சது?"
"சொல்ல மாட்டினம் அக்கா. எண்ணிக்கை மட்டும்தான்."

இன்று நீலக்கால் வரத்து அதிகம்.
மேசை நிறைய ஓடு.
நான் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வருகிறேன்,
அந்த ஒன்றைத் தேடிக்கொண்டு.
நாலாவது மாகாணமாய் இருக்குமோ.
அதை நான்தான்
சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையோ.